வண்ண ஜெராக்ஸ் இயந்திரத்தில் கோடு விழுந்தால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் கடை வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் அழைப்பு இதுதான்: "அண்ணா, கலர் மெஷின்ல கோடு விழுது, எந்த டிரம்மை மாத்தணும்?" வாடிக்கையாளர் ஒருவர் கன்னடத்தில் "கெரெ பர்த்தா இதெ" (கோடு விழுகிறது) என்று தாளைத் திருப்பிக் கொடுத்தவுடன் கடைக்காரர் உதிரிபாகக் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார். வாங்கி வந்த டிரம்மை, அதாவது டோனர் தூளால் படத்தை உருவாக்கும் உருளையை, பொருத்திய பிறகும் கோடு அதே இடத்தில் நிற்கிறது.

கோடு எந்தப் பாகத்தில் உண்டாகிறது என்பதைப் பெரும்பாலும் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதற்குச் சோதனைகளை ஒரு வரிசையில் செய்ய வேண்டும்: முதலில் ஸ்கேனரா அச்சுப் பகுதியா என்பது, அடுத்து எந்த நிறம், அதன் பின் கோட்டின் திசையும் தன்மையும், கடைசியில்தான் கதவைத் திறப்பது. இந்த வரிசையை மாற்றினால் பணமும் நேரமும் வீணாவதோடு, நன்றாக இருந்த பாகத்தில் புதிய கீறல் விழவும் வாய்ப்புண்டு.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 30 சென்டிமீட்டர் அளவுகோல், டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, டிரம்மை மூடுவதற்குக் கனமான கறுப்புத் துணி, கையுறை, முகக்கவசம் ஆகியவை போதும். இவற்றோடு அப்போதுதான் பிரித்த ஒரு கட்டு ஏ4 தாளும் பத்துப் பதினைந்து ஏ3 தாள்களும் வேண்டும். மழைக்காலத்தில் திறந்தே கிடந்த தாள் ஈரம் ஏறி, அச்சில் திட்டுத் திட்டாகக் காட்டும். அந்தக் குறையைக் கோட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதால்தான் புதிய கட்டு.

குழாய்த் தண்ணீரில் கண்ணாடியைத் துடைக்காதீர்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தபின் வெண்மையான படலம் நிற்கும். கைக்குப் போடும் சானிடைசரும் கூடாது, அதில் சேர்த்திருக்கும் பசைத்தன்மையுள்ள பொருள்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த தூசியைப் பிடித்துவைக்கும்.

இயந்திரத்தின் உட்புறத்தைத் துடைக்கும் வேலை எதுவானாலும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். டோனரைச் சூட்டால் தாளில் பதிக்கும் ஃபியூசர் 150 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும் பாகம். அணைத்தபின் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுத்தான் அதன் பக்கத்தில் கை வைக்க வேண்டும். சிந்திய டோனரை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சக் கூடாது. டோனர் அவ்வளவு நுண்ணிய தூள் என்பதால் வடிகட்டியைக் கடந்து அறை முழுவதும் பரவும். தீப்பற்றக்கூடிய தூளும் கூட. ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கையிலும் சட்டையிலும் பட்டதைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீர் அதை இளக்கி ஒட்டவைத்துவிடும்.

2. நகலில் மட்டும் வருகிறதா, அச்சிலும் வருகிறதா

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஆனாலும் புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஒரே படத்தை மூன்று வழிகளில் எடுங்கள்: கணினியிலிருந்து நேரடி அச்சு ஒன்று, பெரிய கண்ணாடியின்மேல் வைத்து ஒரு நகல், தாளைத் தானே உள்ளே இழுக்கும் மேலே உள்ள ஃபீடரில் விட்டு ஒரு நகல்.

கணினி அச்சு சுத்தமாக வந்து நகலில் மட்டும் கோடு இருந்தால், டிரம், டோனர், நான்கு நிறங்களையும் சேர்த்துத் தாளுக்குக் கொண்டுபோகும் பெல்ட், ஃபியூசர் ஆகிய நான்கையும் அந்த நிமிடமே சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அச்சுப் பகுதி இரண்டு வேலைக்கும் பொது. அதில் குறை இருந்தால் இரண்டிலும் தெரிந்தே தீரும்.

கோடு நிறமாக இருக்கிறது, ஆகவே அந்த நிறத்து டிரம்தான் கெட்டிருக்கிறது என்று இந்த இடத்தில் முடிவுசெய்துவிடாதீர்கள். பல ஸ்கேனர்களில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைப் படிக்கும் உணரிகள் தனித்தனி வரிசைகளாக இருக்கின்றன. மிகச் சிறிய தூசி அவற்றில் ஒரு வரிசையை மட்டும் மறைக்கும்போது கோடு நிறமாகவே விழக்கூடும்.

மூன்றிலும் கோடு இருந்தால் 4ஆம் பகுதிக்குச் செல்லுங்கள்.

3. ஃபீடரின் ஒல்லியான கண்ணாடி

பெரிய கண்ணாடியில் வைத்து நகலெடுக்கும்போது விளக்கு நகர்கிறது, தாள் அசையாமல் இருக்கிறது. எனவே கண்ணாடியில் உள்ள தூசி நகலில் ஒரு புள்ளியாகவே விழும். ஃபீடரில் தாள் நகர்கிறது, விளக்கு ஒரே இடத்தில் நிற்கிறது; அதனால் அதே அளவு தூசி தாளின் தலை முதல் கால் வரை நீண்ட கோடாகிறது. ஃபீடரில் மட்டும் கோடு என்றால் காரணம் பெரிய கண்ணாடியின் பக்கத்தில் விரல் அகலத்தில் இருக்கும் அந்த ஒல்லிக் கண்ணாடிதான்.

மூடியைத் திறந்து, டார்ச்சைக் கண்ணாடியின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாருங்கள். மேலிருந்து நேராகப் பார்த்தால் தெரியாத புள்ளி, பக்கவாட்டு ஒளியில் மேடாகத் தெரியும். கோடு விழுந்த நகலைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் அகப்படுவது காயாத வொயிட்னர், பசை, ஸ்டேப்ளர் பின் இழுத்த கீறல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். வொயிட்னரை ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு நிமிடம் மூடி ஊறவைத்து, பிறகு விரல் நுனியைத் துணிக்குள் வைத்துத் தேய்த்து எடுங்கள். பிளேடால் சுரண்டாதீர்கள், சில இயந்திரங்களில் அந்தக் கண்ணாடியின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகடு உண்டு, அது கீறிவிட்டால் கோடு நிரந்தரமாகிவிடும். கண்ணாடிக்கு நேர் மேலே உள்ள வெள்ளைப் பட்டையையும் உருளையையும் உடன் துடைத்துவிடுங்கள்.

தாளின் இரு பக்கங்களையும் ஒரே ஓட்டத்தில் படிக்கும் ஃபீடர்களில், பின்பக்கத்துக்கென்று இரண்டாவது ஸ்கேனர் ஃபீடரின் உள்ளேயே இருக்கும். பின்பக்க நகல்களில் மட்டும் கோடு என்றால் கீழ்க் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை, உள்ளே இருப்பதைத் துடைக்க வேண்டும்.

கடையில் அன்றாடம் விளக்கேற்றி ஊதுபத்தி காட்டுபவர்கள் பத்தியை இயந்திரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டுகிறேன். உதிரும் சாம்பல் நேராக ஃபீடரின் இடுக்கில்தான் இறங்குகிறது. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இயந்திரத்தின் பக்கவாட்டுச் சுவரில் இட்டால் போதும்.

4. எந்த நிறத்தில் கோடு இருக்கிறது

அச்சிலும் கோடு வருமானால், அடுத்து நான்கு டோனர்களையும் தனித்தனியே அச்சிட்டுப் பார்க்க வேண்டும்: நீலப்பச்சையான சியான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு. வண்ணப் படத்தில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், கோட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் ஊகித்தால் தவறிவிடும். பச்சைப் பகுதியில் மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தால், அங்கே மஞ்சள் கூடியிருக்கிறது என்றும் கொள்ளலாம், சியான் விடுபட்டிருக்கிறது என்றும் கொள்ளலாம்.

கணினியில் ஒரு நீலக் கட்டம் வரைந்து அச்சிடுவது சரியான சோதனை ஆகாது. நாம் திரையில் பார்க்கும் நீலம் தாளில் பெரும்பாலும் சியானும் மெஜன்டாவும் கலந்தே உருவாகிறது. இயந்திரத்தின் மெனுவில் சோதனைப் பக்கம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், பல இயந்திரங்களில் நகல் மெனுவிலேயே 'சிங்கிள் கலர்' என்ற தேர்வு உண்டு. முழுவதும் இளஞ்சாம்பல் நிறமுள்ள ஒரு தாளைப் பெரிய கண்ணாடியில் வைத்து, சியான், மெஜன்டா, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து நகலெடுங்கள். கறுப்புக்குக் கறுப்பு வெள்ளை நகல் போதும். அதே பட்டியலில் இருக்கும் சிவப்பும் பச்சையும் இரண்டு டோனர்களின் கலவை, அவற்றைத் தொட வேண்டாம்.

இளஞ்சாம்பல் ஏன் என்றால், அடர்ந்த நிறத்தில் மெல்லிய கோடு அமிழ்ந்துவிடும். இடைப்பட்ட நிறத்தில்தான் கூடுதலும் குறைவும் இரண்டும் தெரியும்.

மஞ்சள் தாளில் கோடு இருந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது. கைபேசித் திரையில் முழு நீல நிறப் படம் ஒன்றைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு, அந்த நீல ஒளியில் தாளைப் பாருங்கள். மஞ்சள் டோனர் கருமையாக மாறித் தெரியும், கோடும் எழுந்து நிற்கும்.

ஒரே ஒரு நிறத்தில் கோடு என்றால் அந்த நிறத்தின் டிரம், டிரம்முக்கு மின்னூட்டம் தரும் சார்ஜ் பகுதி, டிரம்மில் டோனரைப் படியவைக்கும் டெவலப்பர், லேசர் கண்ணாடி ஆகியவற்றுக்குள் தேடினால் போதும். நான்கு தாள்களிலும் ஒரே இடத்தில் இருந்தால், நான்கு நிறங்களும் சேர்ந்த பிறகு வரும் பெல்ட், அதிலிருந்து படத்தைத் தாளுக்கு மாற்றும் இரண்டாம் டிரான்ஸ்ஃபர் உருளை, ஃபியூசர் ஆகியவையே காரணம்.

5. தாள் ஓடும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்

கோடு நெடுக்கா குறுக்கா என்பதைப் படிக்கும் திசையை வைத்துச் சொல்லக் கூடாது. தாள் இயந்திரத்துக்குள் ஓடும் திசையை வைத்தே சொல்ல வேண்டும். ஏ3 ஓடும் பெரிய இயந்திரங்களில் ஏ4 தாளை வழக்கமாகப் படுக்கையாக வைக்கிறோம். அப்படி வைத்தால், ஓடும் திசையில் விழும் கோடு எழுத்து வரிகளுக்கு இணையாகத் தெரியும். அதைப் பார்த்து 'குறுக்குக் கோடு' என்று எழுதிக்கொண்டவர், அடுத்து வரும் எல்லாச் சோதனைகளிலும் தவறான பாகத்தைத் தேடுவார்.

எனவே தாள் வெளியே வரும்போதே முதலில் வரும் விளிம்பில் பேனாவால் ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்புக்குறிக்கு இணையான கோடு என்றால் ஏதோ ஓர் இடத்தில் அழுக்கோ கீறலோ இடைவிடாமல் பட்டுக்கொண்டிருக்கிறது. அம்புக்குறிக்குச் செங்குத்தாக, சமமான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் கோடு என்றால் சுழலும் உருளை ஒன்றில் ஓரிடத்தில் அடிபட்டிருக்கிறது.

6. குறுக்குக் கோடு: அளவுகோலால் அளப்பது

இதற்கு ஏ3 தாள் வேண்டும். தாளின் நீளம் 420 மில்லிமீட்டர் என்பதால் இடைவெளி பலமுறை திரும்ப வரும், அளப்பதும் துல்லியமாகும். ஒரு கோட்டின் மேல் விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் மேல் விளிம்புவரை அளந்து, 3.14ஆல் வகுத்தால் உருளையின் விட்டம் கிடைக்கும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் என்றால் இடைவெளி சுமார் 94 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் என்றால் சுமார் 75. 12 மில்லிமீட்டர் சார்ஜ் உருளை என்றால் சுமார் 38.

டெவலப்பர் உருளைக்கு மட்டும் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. அது டிரம்மைவிட வேகமாகச் சுழலும்படி அமைந்திருப்பதால், தாளில் விழும் இடைவெளி அதன் சுற்றளவைவிடக் குறைவாக இருக்கும். அளந்த எண் எந்த உருளைக்கும் பொருந்தாதபோது முதலில் அதைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

7. ஒரு நிறத்தில் வெள்ளைக் கோடு

ஓடும் திசையில் ஒரு நிறம் மட்டும் விடுபட்டு வந்தால், விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். விளிம்பு கூர்மையாக, கோடு நேராக, தாளின் முழு நீளத்துக்கும் ஒரே அகலத்தில் இருந்தால் லேசர் வெளிவரும் கண்ணாடியில் தூசி என்று எடுத்துக்கொள்ளலாம். லேசர் பட்ட இடத்தில்தான் டிரம் டோனரை ஏற்கிறது. ஒளி மறைந்த இடத்தில் டோனர் ஒட்டாது.

பல இயந்திரங்களில் இதைத் துடைப்பதற்கென்றே நீண்ட குச்சி ஒன்று முன்கதவின் உட்புறத்தில் மாட்டியிருக்கும். அதன் நுனியில் உள்ள பஞ்சைப் பார்த்து, அழுக்காக இல்லை என்று உறுதிசெய்த பிறகு, அந்த நிறத்துக்குரிய துளையில் செருகி மெதுவாக மூன்று நான்கு முறை உள்ளே வெளியே இழுங்கள். ஒரு நிறத்துக்காகத் திறந்தாலும் நான்கையும் துடைத்துவிடுவது நல்லது. பெங்களூரில் மெயின் ரோட்டைப் பார்த்த கடைகளில் வாரம் ஒருமுறை இதைச் செய்யச் சொல்கிறேன். ஊதும் பிளோயரால் தூசியை விரட்டவே கூடாது. டிரம்மைச் சுற்றியுள்ள டோனரை அது லேசர் பக்கம் தள்ளிவிடும்.

விளிம்பு மங்கி, கோடு சற்றே அகன்று, சில தாள்களுக்குப் பின் அகலம் மாறினால், டெவலப்பர் உருளையின்மேல் டோனர் அளவைக் கட்டுப்படுத்தும் தகட்டின் இடுக்கில் கட்டித் தூளோ நாரோ சிக்கியிருக்கிறது. டெவலப்பர் யூனிட்டைக் கழற்றிப் பார்த்தால் உருளையின்மேல் தூள் படர்ந்திருப்பதில் அதே இடத்தில் வழித்தது போல இடைவெளி தெரியும். அந்த இடுக்கைத் திறந்து சுத்தம் செய்வது பழகிய கைக்கு உரிய வேலை, அதைச் சர்வீஸ்காரரிடம் விடுங்கள்.

8. ஒரு நிறத்தில் அடர்ந்த கோடு

வெறும் வெள்ளைப் பகுதியிலும் நிறக்கோடு விழுகிறதென்றால், சார்ஜ் பகுதியில் அழுக்கு, டிரம்மில் கீறல், டிரம்மைத் துடைக்கும் பிளேடின் விளிம்பில் பிசிறு ஆகிய மூன்றில் ஒன்று. செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

சார்ஜ் கம்பி உள்ள இயந்திரங்களில் அதைத் துடைக்க இழுத்துத் தள்ளும் பிடி ஒன்று இருக்கும். பத்து முறை மெதுவாக இழுத்துத் தள்ளிவிட்டு, பிடியைத் தொடக்க இடத்திலேயே நிறுத்துங்கள். நடுவில் நின்றுவிட்டால் அந்தப் பிடியே தடித்த பட்டை ஒன்றை உண்டாக்கும், முன்பிருந்ததைவிட மோசமாக.

கோடு போகவில்லையென்றால் டிரம்மை வெளியே எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டால் மின்தன்மை மாறும் பூச்சு அதன்மேல் இருக்கிறது. ஆகவே எடுத்தவுடன் கறுப்புத் துணியால் மூடி, பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் சில நொடிகள் திறந்து பாருங்கள். ஜன்னல் வெயிலில் வைக்கவே கூடாது. விரல் படக் கூடாது, ஆல்கஹாலும் படக் கூடாது. சுற்றிலும் வளையம்போல மெல்லிய கீறல் தெரிந்தால் டிரம் மாற்ற வேண்டியதுதான். கீறல் இல்லாமல் டோனர் கோடு மட்டும் வளையமாக நின்றால் பிளேடு.

சந்தேகம் தீரவில்லை என்றால், சியான், மெஜன்டா, மஞ்சள் மூன்றுக்கும் ஒரே வகை டிரம் உள்ள இயந்திரங்களில் இரண்டை இடம் மாற்றி ஒரு தாள் எடுங்கள். கோடு டிரம்மோடு சேர்ந்து நிறம் மாறினால் டிரம் யூனிட் குற்றவாளி; பழைய நிறத்திலேயே நின்றால் டெவலப்பர் அல்லது லேசர். டிரம்மும் டெவலப்பரும் ஒரே யூனிட்டாக இருக்கும் இயந்திரங்களில் இதைச் செய்யாதீர்கள், நிறங்கள் கலந்துவிடும். சோதனை முடிந்ததும் அவரவர் இடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

பிளேடை மட்டும் தனியாக மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: புதிய பிளேடின் ரப்பர் விளிம்பில் அதற்கான பொடியைத் தடவாமல் பொருத்தினால், டிரம் சுழலத் தொடங்கியவுடன் விளிம்பு மடங்கிக்கொள்ளும். பொடி இல்லாத இடத்தில் மெல்லியதாக டோனரையே தடவுவார்கள், அதுவும் பயன்படும்.

9. நான்கு நிறங்களிலும் கோடு

இங்கே பாதி ஓட்டத்தில் நிறுத்தும் சோதனைதான் தெளிவான விடை தரும். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது, தாள் ஃபியூசருக்குள் நுழையும் முன் முன்கதவைத் திறங்கள், இயந்திரம் நின்றுவிடும். பெல்ட்டின் மேல் உள்ள படத்தில் கோடு இருந்தால் காரணம் பெல்ட்டிலோ அதன் பிளேடிலோ இருக்கிறது. பெல்ட்டில் இல்லை, சுடப்படாத தாளில் இருக்கிறது என்றால் இரண்டாம் டிரான்ஸ்ஃபர் உருளை. இரண்டிலும் இல்லாமல் வெளியே வரும் தாளில் மட்டும் என்றால் ஃபியூசர். தாளை வெளியே எடுக்கும்போது டோனர் இன்னும் ஒட்டியிருக்காது, தட்டையாகப் பிடித்து எடுங்கள்.

பெல்ட்டின் பிளேடு தேய்ந்திருந்தால் வெள்ளைத் தாளிலும் அழுக்கு நிறத்தில் மெல்லிய கோடுகள் விழும். நான்கு டோனர்களின் மிச்சமும் கலந்திருப்பதால் அந்த நிறம். கழிவு டோனர் பெட்டி நிறைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஃபியூசர் கோட்டை அடையாளம் காண்பது பலருக்கும் கடினமாக இருக்கிறது, ஏனெனில் அதில் நிறம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பளபளப்பு மட்டும் மாறும். சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் அருகே உள்ள கடையில் ஏ3 போஸ்டரில் இரண்டு கோடுகள் விழுவதாக அழைத்தார்கள். அதற்குள் இரண்டு டிரம்கள் மாற்றப்பட்டிருந்தன. தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தபோதுதான் இரண்டு மங்கிய கோடுகள் தெரிந்தன. நேராகப் பிடித்தால் ஒன்றுமே இல்லை. அளந்தால் இரண்டு ஓரங்களிலிருந்தும் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் உள்ளே, கோடுகளுக்கு இடையே 216 மில்லிமீட்டர். அது லீகல் தாளின் அகலம். நாளெல்லாம் கிரயப் பத்திரங்களை லீகல் தாளில் அச்சிட்டதால், அந்தத் தாளின் இரு விளிம்புகளும் ஃபியூசர் உருளையின் மேற்பரப்பில் ஒரே இடத்தில் உராய்ந்து தடம் பதித்துவிட்டன. அகலமான ஏ3 தாள் அந்தத் தடத்தின்மேல் ஓடும்போதுதான் அது வெளியே தெரிந்தது.

எனவே ஃபியூசரைச் சந்தேகிக்கும்போது தாளைச் சாய்த்துப் பாருங்கள், இரண்டு கோடுகளுக்கு இடையேயான அகலத்தை அளந்து, உங்கள் கடையில் அதிகம் ஓடும் தாளின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். இந்தத் தடத்தைத் துடைத்துப் போக்க முடியாது. போஸ்டர் வேலை அரிதாகவே வரும் கடையில், உடனே உருளையை மாற்றாமல் அடுத்த ஃபியூசர் மாற்றம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. திருமண ஆல்பம், அழைப்பிதழ் வேலை செய்பவர்கள் மாற்றித்தான் ஆக வேண்டும்.

10. சரிசெய்த பின்

கோடு போனது உறுதியான பிறகே கலர் கேலிபரேஷனை ஓட்டுங்கள். கேலிபரேஷனின்போது இயந்திரம் பெல்ட்டின்மேல் சிறு வண்ணக் கட்டங்களை இட்டு, அவற்றின் அடர்த்தியை உணரியால் படிக்கிறது. கோடு அந்த இடத்தில் விழுந்தால் தவறான அடர்த்தியைச் சரியென்று எடுத்துக்கொண்டு எல்லா நிறங்களையும் திருத்திவிடும். கோட்டைப் பார்த்தவுடன் முதல் வேலையாகக் கேலிபரேஷன் ஓட்டியவர்களின் கடையில், பிறகு கோடு போனாலும் நிறம் சரியாகாமல் நின்றதற்கு இதுவே காரணம்.

கேலிபரேஷன் முடிந்ததும் நான்கு தனி நிறத் தாள்களையும் மீண்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, கவுன்டர் எண் (இயந்திரம் இதுவரை ஓட்டிய தாள்களின் எண்ணிக்கை), ஓடும் திசையின் அம்புக்குறி, என்ன துடைத்தோம் அல்லது எதை மாற்றினோம் என்பதை எழுதி, நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இயந்திரத்தின் பக்கத்துச் சுவரில் மாட்டி வையுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். அடுத்த முறை கோடு விழும்போது புதிய தாளை இவற்றின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், பழைய இடத்திலேயே விழுகிறதா, புதிய இடமா என்பது தெரிந்துவிடும்.